ஒடியல் பிட்டு சோறில்லை

போன மாதம் ஒரு இளம் டாக்குத்தர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். தீவுப்பகுதிக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். கையில் ஒரு வைத்தியச் சஞ்சிகை. வைத்தியர் சொல்வதில் பெரும்பகுதியை நோயாளி ஆஸ்பத்திரி வாசல் படலையைத் தாண்டுமுன்பே மறந்துவிடுகிறார் என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்களாம். திரும்பத் திரும்பச் சொல்லியும் பெரிய பயனில்லையாம். கொஞ்ச நேரம் விட்டு, நோயாளியின் வாயாலேயே சொல்லுவித்தால்தான் மனதில் நிற்குமாம்.

"நீங்கள் இதை ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளிலேயே செய்தனீங்களாம் எண்டு பழைய ஆக்கள் சொல்லுகினம். எந்தப் புத்தகத்தில படிச்சனீங்கள் ஐயா?" என்று கேட்டார்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைப்பான். "புத்தகத்தில இல்லை தம்பி, வள்ளத்துறையில" என்று சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் சஞ்சிகையை மேசையில் விட்டுவிட்டுப் போய்விட்டார். இரவல் புத்தகத்தைப் படிக்காமல் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எனக்கில்லை. படித்து முடித்தபோது, அந்தப் பிள்ளைக்கு அரைவாசிப் பதில்தான் சொன்னேன் என்று பட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் அப்போதிக்கரியாக, அதாவது ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கிறவனாக இருந்தவன். கொழும்பில் இரண்டு வருடம் படித்தேன். மருந்துகளின் இலத்தீன் பெயர்களை மனப்பாடம் பண்ணினேன், தவளையை வெட்டினேன், சோதனை பாஸ் பண்ணினேன், கப்பலில் வந்ததுபோல் களைத்து ஊருக்கு வந்தேன். இங்கும் அங்குமாகச் சில இடங்களில் வேலை பார்த்தபின், முப்பதுகளின் தொடக்கத்தில் தீவுப்பகுதி ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அதன் பெயரைச் சொல்லமாட்டேன். இனிச் சொல்லப்போகும் பிழை என்னுடையது, கட்டடத்தினுடையது அல்ல.

அந்தக் காலத்தில் மருந்துக்கு வருகிறவர்கள் போத்தலை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். நான் முதலில் போத்தலை மணந்து பார்ப்பேன். மண்ணெண்ணெய் மணத்தால் திருப்பி அனுப்புவேன். சாராயம் மணத்தால் போத்தலைக் கழுவிவிட்டு, கொண்டுவந்த ஆளையும் ஒருமுறை மணந்து பார்ப்பேன். பிறகு மருந்தைக் கலந்து ஊற்றி, ஒரு கடதாசித் துண்டை நாலாக எட்டாக மடித்து, ஓரத்தில் கத்தரிக்கோலால் சிறு வெட்டு வெட்டி விரித்தால், சரியான இடைவெளியில் பல்லுப் பல்லாக வரும். அதை மாப்பசையால் போத்தலில் ஒட்டிவிடுவேன். ஒரு பல்லுக்கு ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிழைவிட முடியாது என்பது என் எண்ணம்.

நயினாதீவு, நெடுந்தீவு ஆட்கள் எல்லாரும் ஒவ்வொரு கிழமையும் கடல் கடந்து வரமுடியாது. முதல்முறை நோயாளியைக் காட்டினால், அடுத்த முறையிலிருந்து போத்தல் மட்டும் வரும். அந்தப் போத்தல்களைக் கொண்டுவருகிறவர் முருகேசு. நயினாதீவு ஆள், சொந்தமாக ஒரு பாய்வள்ளம் ஓட்டினவர். பனையோலைப் பெட்டியில் எட்டு, பத்துப் போத்தல்களோடு வந்து வாசலில் கிடந்த நீள வாங்குப் பலகையில் இருப்பார். எந்தப் போத்தல் எந்த வீட்டுக்கு, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ என்று நான் ஒரே ஒருமுறை சொல்லுவேன். அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஒரு போத்தலும் மாறினதில்லை.

எப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"படலையில ஒருக்காச் சொல்லுவன் ஐயா. பாய் ஏத்தினாப் பிறகு ஒருக்கா. அரைவாசிக் கடல்ல ஒருக்கா. இறங்கேக்கை ஒருக்கா. இடையில அதை நினைக்கமாட்டன். நினைச்சுக்கொண்டே போனால் குழம்பிப் போடும்."

கெட்டிக்காரர்தான் என்று நினைத்துச் சிரித்தேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

அவருடைய ஒரே தம்பி சண்முகத்துக்கு தைபோயிட் என்கிற நெருப்புக்காய்ச்சல் வந்தது. இன்று அதற்கு மாத்திரை இருக்கிறது. அன்று மருந்தே இல்லை. மூன்று கிழமை, இருபத்தொரு நாள், காய்ச்சல் எரியும். குடலில் புண் இருக்கும். பாலும் கஞ்சித் தண்ணீரும் பார்லித் தண்ணீருமாகக் கொடுத்து, காய்ச்சல் இறங்கும்வரை ஆளைத் தாக்காட்ட வேண்டும். அதிலும் பெரிய ஆபத்து காய்ச்சல் விட்ட பிறகுதான். ஆளுக்குப் பேய்ப் பசி எடுக்கும், வீட்டாருக்கு இரக்கம் வரும். கட்டியான சாப்பாடு உள்ளே போனால் புண்ணான குடல் பொத்துக்கொள்ளும். காய்ச்சல் விட்டுப் பத்து நாள்வரை திரவ உணவுதான் என்பது அன்றைய சட்டம்.

எங்கள் பெரிய டாக்குத்தர் முருகேசுவின் வள்ளத்திலேயே போய்ச் சண்முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பத்தியம் சொல்வது என் வேலை. போத்தலுக்கு வரும் ஒவ்வொரு முறையும் முருகேசுவிடம் சொன்னேன்.

"காய்ச்சல் விட்டாலும் சோறு குடுக்கக் கூடாது. விளங்கிச்சுதோ?"

"ஓம் ஐயா."

ஐந்தாறு முறை சொல்லியிருப்பேன். ஐந்தாறு முறையும் ஓம்.

காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் சண்முகத்துக்கு வயிற்றில் திடீரென்று குத்து எழும்பியது. வயிறு பலகைபோல் இறுகியது. மறுநாள் ஆள் இல்லை.

செத்தவீடு முடிந்து முருகேசு ஆஸ்பத்திரிக்கு வந்தார். குறை சொல்ல வரவில்லை, நன்றி சொல்ல வந்தார்.

"நீங்கள் சொன்னதில ஒண்டும் நான் பிழைவிடேல்லை ஐயா. பசி பசி எண்டு கத்தினவன். ஒரு பருக்கைச் சோறு குடுக்கேல்லை. ஒடியல் பிட்டு மட்டும்தான் குடுத்தனாங்கள். அவன்ரை விதி."

பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் அவித்த பிட்டு. தும்பும் நாருமாக அதைவிடக் கட்டியான சாப்பாடு தீவில் கிடையாது. ஆனால் அது சோறில்லை. எங்கள் ஆட்களுக்குச் சோறு என்றால் அரிசி. ஒடியல் என்றால் ஒடியல். நானும் இதே மண்ணில் பனங்கிழங்கு தின்று வளர்ந்தவன்தான். கொழும்பில் படித்த வாயால் "சோறு" என்று சொன்னபோது, சாப்பாடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

முருகேசு போனபின் பெரிய டாக்குத்தர் என்னை உள்ளே கூப்பிட்டார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். கை கழுவினால் முழங்கைவரை கழுவுவார், நாங்கள் அதுவரை காத்துநிற்க வேண்டும். சத்தம் போடமாட்டார். அவரிடம் ஒரே ஒரு பிரம்பு இருந்தது, அது ஒரு கேள்வி. நோயாளிக்குச் சுகம் என்றால், "எப்பிடித் தெரியும்?" காயம் ஆறிவிட்டது என்றால், "எப்பிடித் தெரியும்?" அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் நல்ல அப்போதிக்கரி ஆனேன்.

"அவருக்கு விளங்கினது எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"விளங்கிச்சுதோ எண்டு கேட்டனான். ஓம் எண்டவர்."

"நீர் அப்பிடிக் கேட்டால் இந்தத் தீவில ஆர் இல்லை எண்டுவான்? ஓம் எண்டது உமக்குத் தந்த மரியாதை. அது தம்பியின்ரை வயித்துக்கு உதவாது."

பிறகு இன்னொன்றும் சொன்னார். முருகேசு மறக்கவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடியே நினைவில் வைத்திருந்து, சொன்னபடியே செய்திருக்கிறார். ஆகவே சொல்லை நினைவில் நிறுத்துவது பாதி வேலைதான். அந்தச் சொல் வேண்டிய நேரத்தில் வேண்டிய விதமாக எழும்ப வேண்டும். "அது எப்பிடி நடக்கும் எண்டு பாப்பம்" என்றார். முருகேசுவிடம் காரணத்தைச் சொல்வதில்லை என்றும் முடிவு செய்தோம். தெரிந்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம்.

அதன்பின் ஒரு வருடத்துக்கு மேலாக நாங்கள் இருவரும் செய்ததுதான் என் சேவையில் நான் மிகவும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் வேலை. திங்கட்கிழமை வருகிறவர்களுக்கு நான் மருந்து விபரத்தை மூன்று முறை சொல்லி அனுப்புவேன். புதன்கிழமை வருகிறவர்களுக்கு ஒரே முறை சொல்லி, உடனே அவர்களைத் திருப்பிச் சொல்லச் செய்வேன். வெள்ளிக்கிழமை ஆட்களுக்கு ஒரு முறை சொல்லி, வாங்கில் இருத்திவைத்து, அடுத்த ஆளின் புண்ணுக்கு மருந்து கட்டி முடித்தபின் கேட்பேன். இந்த யோசனை முருகேசுவிடமிருந்து எடுத்தது. படலை, பாய், அரைவாசிக் கடல் என்று அவர் செய்ததை நான் வாங்கில் வைத்துச் செய்தேன். யாரை எந்த நாளில் வைப்பது என்று நான் தெரிந்தெடுக்கக் கூடாது, வந்த நாள்தான் கணக்கு என்பது டாக்குத்தரின் கட்டளை. அடுத்த கிழமை அவர்கள் திரும்பி வரும்போது, போத்தலை வாங்குமுன் போன கிழமை என்ன சொன்னோம் என்று டாக்குத்தரே கேட்டு ஒரு கொப்பியில் குறித்துக்கொள்வார்.

சனத்துக்குப் பிடிக்கவில்லை. "ஐயா பள்ளிக்கூடம் நடத்துறார்" என்று பகிடி பண்ணினார்கள். வேலணையிலிருந்து வந்த இளைப்பாறிய வாத்தியார் ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"முப்பது வருசம் நான் கேள்வி கேட்ட ஆள். என்னை நீர் கேக்கிறீரோ?"

"குறை நினையாதேங்கோ வாத்தியார். ஒருக்காச் சொல்லுங்கோ."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாட்டுச் சொல்வதுபோல் சொன்னார். பூசுகிற மருந்தைக் குடிக்கவும், குடிக்கிற மருந்தை முழங்காலில் பூசவும் சொன்னார். வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வாத்தியாரும் கடைசியில் சிரித்தார். நல்ல மனிதர். அடுத்த கிழமையிலிருந்து மற்றவர்களைக் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்.

கொப்பியைப் பார்த்தபோது எங்களுக்கே ஆச்சரியம். மூன்று முறை சொல்லக் கேட்டுத் தலையாட்டிப் போன திங்கட்கிழமை ஆட்கள்தான் அதிகம் மறந்தார்கள். உடனே கிளிப்பிள்ளைபோல் சொன்னவர்கள் கொஞ்சம் பரவாயில்லை. காக்கவைத்துக் கேட்டபோது தடுமாறி, மேலே பார்த்து, தலையைச் சொறிந்து, தேடி எடுத்துச் சொன்ன வெள்ளிக்கிழமை ஆட்கள்தான் அடுத்த கிழமையும் சொன்னார்கள். அந்தத் தடுமாற்றம்தான் மருந்து. அத்தோடு "நான் என்ன சொன்னனான்?" என்று கேட்பதை நிறுத்தினேன். "அவர் பசிக்குது எண்டு அழுதால் என்ன குடுப்பீர்?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டால்தான் ஒடியல் வெளியே வரும், குரக்கன் என்கிற கேழ்வரகு வரும், கூழ் வரும்.

இதற்குள் முருகேசு கிழமை தவறாமல் போத்தலுக்கு வந்துகொண்டிருந்தார். அவரிடம் மட்டும் நான் பழைய மாதிரியே விபரம் சொல்லி அனுப்பினேன். அவர் முகத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பும் காலம். நெடுந்தீவில் யோசேப்பு என்ற மாட்டுக்காரனின் மனைவி பிலோமினாவுக்கு நெருப்புக்காய்ச்சல். மூன்று சின்னப் பிள்ளைகளின் தாய். டாக்குத்தரும் நானும் போய்ப் பார்த்தோம். அந்தக் கடலில் வள்ளத்தில் ஏற்றி அடித்துக்கொண்டு வந்தால் வழியிலேயே குடல் போய்விடும், வீட்டிலேயே கிடக்கட்டும் என்றார் டாக்குத்தர். நான் யோசேப்பை வேலியோரம் இருத்திச் சொல்லி, காக்கவைத்துக் கேட்டேன். சரியாகத்தான் சொன்னான். ஆனால் காய்ச்சல் விட இன்னும் இரண்டு கிழமை இருந்தது. இடையில் மூன்று நாலு முறை யாராவது கேட்காவிட்டால் நிற்காது என்று எங்கள் கொப்பி சொன்னது.

திரும்பி வந்த மறுநாள் கடல் பொங்கியது. எங்களால் இனிப் போக ஏலாது. அந்தக் காற்றில் நெடுந்தீவுக்கு வள்ளம் ஓட்டக்கூடிய தண்டையல் முருகேசு ஒருவர்தான்.

"கடிதம் எழுதி அனுப்புவமோ?" என்றேன்.

"யோசேப்புக்கு வாசிக்கத் தெரியாது. தெரிஞ்சாலும் கடிதம் சொல்லும், கேக்காது" என்றார் டாக்குத்தர். பிறகு என்னைப் பார்த்தார். இருவருக்கும் விளங்கிவிட்டது. அந்தக் கேள்வியை முருகேசுவின் வாயில் வைக்க வேண்டும். வைத்தால், தம்பி எதனால் செத்தான் என்று அவருக்கு அந்தக் கணமே தெரிந்துவிடும்.

"நான் சொல்லட்டோ?" என்று டாக்குத்தர் கேட்டார்.

"இல்லை சேர். நான் சொன்ன பிழை. நானே சொல்லுறன்."

வள்ளத்துறைக்குப் போனேன். முருகேசு பாயைச் சரிபார்த்துக்கொண்டு நின்றார். போத்தலைக் கொடுத்தேன்.

"முருகேசு, இந்த முறை மருந்தோட ஒரு கேள்வியும் கொண்டுபோக வேணும். யோசேப்பைக் கேக்க வேணும். காய்ச்சல் விட்டு, மனிசி பசிக்குது எண்டு அழுதால், ஒடியல் பிட்டுக் குடுக்கலாமோ எண்டு. குடுக்கக் கூடாது எண்டு அவன் தானாச் சொல்ல வேணும்."

வழக்கமாக நான் சொல்லி முடித்ததும் அவர் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வார். அன்றைக்குச் சொல்லவில்லை.

"ஒடியல் பிட்டும் கூடாதோ ஐயா?"

"கூடாது."

"அப்ப சண்முகத்துக்கு?"

"ஓம் முருகேசு. அதுதான்."

அவர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் என்ரை கையால அவன்ரை வாயில தீத்தினனான்" என்றார்.

"நீர் நான் சொன்னதைத்தான் செய்தனீர். சோறு எண்டுதான் சொன்னனான். வேறை ஒண்டும் சொல்லேல்லை. பிழை என்னில."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

பயம் என்று சொன்னேன். அது உண்மை. அவர் கயிற்றை அவிழ்த்து வள்ளத்தைத் தள்ளினார். கேள்வியைத் திருப்பிச் சொல்லவே இல்லை.

நாலு நாள் வள்ளம் வரவில்லை. காற்றா கோபமா என்று தெரியாது. அந்த நாலு நாளும் நான் கலந்த மருந்துகளை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தேன், என் கையில் எனக்கே நம்பிக்கை இருக்கவில்லை. மூன்று பிள்ளைகளின் தாய் அங்கே கிடக்கிறாள். கேள்வியைச் சுமந்து போனவர் அதைக் கடலில் போட்டிருந்தாலும் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஐந்தாம் நாள் வந்தார். போத்தல் பெட்டியோடு நேராக டாக்குத்தரிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"யோசேப்புக்கு விளங்கியிருக்கு" என்றார்.

"எப்பிடித் தெரியும்?" என்றார் டாக்குத்தர், பழக்கதோஷத்தில்.

"கேட்டனான் ஐயா. பாலும் கஞ்சித் தண்ணியும் எண்டான். அழுதால் எண்டன். கொஞ்சமாக் குரக்கன் பிட்டு எண்டான். கூடாது எண்டு சொல்லிப்போட்டு, மாட்டுப் பட்டிப் பக்கம் போய் ஒரு சுருட்டுப் பத்திக்கொண்டு நிண்டிட்டு வந்து திருப்பிக் கேட்டன். யோசிச்சுச் சொன்னான். அடுத்தநாள் பாயை ஏத்திப்போட்டு, பிறகும் இறங்கிப் போய்க் கேட்டன். சரியாச் சொன்னான்."

டாக்குத்தர் எழுந்து நின்றார். ஒரு தண்டையலுக்காக அவர் கதிரையை விட்டு எழும்பியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

முருகேசு அதன்பின் மூன்று முறை போனார், மூன்று முறையும் கேட்டார். காய்ச்சல் விட்ட கிழமை பிலோமினா பசியில் கஞ்சிக் கிண்ணத்தை எறிந்தாளாம். அயலவர்கள் ஒடியல் கூழ் காய்ச்சிக் கொண்டுவந்தார்களாம். யோசேப்பு வாசலில் குறுக்கே நின்று ஒருவரையும் உள்ளே விடவில்லை. பத்து நாள் கழிந்து குழைந்த சோறு தின்றாள். பிறகு அவள் நெய்யும் தயிருமாகக் கட்டி அனுப்பினாள், எனக்கல்ல, முருகேசுவுக்கு. அது சரிதான்.

அன்றிலிருந்து எங்கள் தீவிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் காய்ச்சல் வீடு எதுவானாலும் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் முருகேசுதான். இரண்டாம் உலக யுத்தம் முடியும்வரை, பத்து வருடம்போல் கேட்டார். என் கைமேல் நெருப்புக்காய்ச்சலில் போனவர்கள் பிறகும் உண்டு. பிட்டினால் போனவர் இல்லை. இதை நான் அடித்துச் சொல்லுவேன்.

இனி அந்தச் சஞ்சிகை. அதில் இளம் டாக்குத்தர் எனக்கு வாசித்துக் காட்டாத ஒரு வரி இருந்தது. ஒரு நினைவை ஒருவர் தேடி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது இன்னும் ஆழமாகப் பதிகிறதாம். இதற்கு எனக்குச் சஞ்சிகை தேவையில்லை. முருகேசுவின் முகத்தில் படித்திருக்கிறேன். நோயாளிகளுக்கு அந்தக் கேள்வி என்ன செய்தது என்று கொப்பியில் குறித்தோம். கேட்கிறவருக்கு என்ன செய்தது என்று குறிக்க எங்கள் கொப்பியில் இடம் விடவில்லை.

அங்கிருந்து மாற்றலாகிப் போகும் கிழமை அவரை வாங்கில் இருத்திச் சொன்னேன்.

"முருகேசு, இனி இந்தக் கேள்வியை வேறை ஆரும் கேக்கட்டும். நீர் போத்தலை மட்டும் குடுத்தால் காணும்."

"ஏன் ஐயா?"

"கேக்கிற ஒவ்வொரு தரமும் உமக்குத் தம்பியின்ரை நினைப்பு வருமெல்லே."

"வரும்தான்" என்றார். "ரெண்டாந் தரமும் கேட்டு வாங்கித் திண்டவன். நல்ல பிட்டு அண்ணை எண்டவன்."

போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"வேறை ஆள் கேட்டால் சனம் நான் அண்டைக்குச் சொன்னமாதிரி ஓம் எண்டு சொல்லிப்போட்டு விட்டிடும் ஐயா. நான் கேக்கிறன்."